கையெழுத்து ஒன்று, பேனா இரண்டு

2002 நவம்பர் 30-ஆம் தேதி பாரிஸில் ஒரு சவப்பெட்டி ஊர்வலம் போனது. உள்ளே இருந்தவர் இறந்து ஏறக்குறைய 132 வருடங்கள் ஆகியிருந்தன. பெட்டியின் மேல் நீல வெல்வெட் போர்வை. அதில் மூன்று மஸ்கட்டியர்களின் உலகப் பிரசித்தி பெற்ற சபதம். கூடவே மஸ்கட்டியர் வேஷத்தில் நாலு குதிரை வீரர்கள். வால்டேர், ரூஸோ, விக்டர் ஹ்யூகோ எல்லாம் படுத்திருக்கும் பாந்தெயோன் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஊர்வலம். ஜனாதிபதி ஜாக் சிராக் பேசினார். அலெக்ஸாந்தர் டூமாவுக்கு லேட்டாகவாவது நியாயம் கிடைத்ததே என்று பிரான்ஸ் சந்தோஷப்பட்டது.

அதே பாரிஸில் பேர் லாஷேஸ் என்று ஒரு பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒகுஸ்த் மாக்கே என்ற ஒருவருக்குக் கல்லறை. அதில் பொறித்திருக்கும் நாவல்களின் பெயர்களைப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும். ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ அங்கேயும் இருக்கிறது!

ஒரு நாவல், இரண்டு கல்லறை. எழுதியது யார்? இந்த வாரம் இந்தப் பஞ்சாயத்துதான்.

முதலில் பெயர். நாம் டூமாஸ் என்றே படித்துப் பழகியிருக்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் கடைசி ‘ஸ்’ஸை எழுதுவார்கள், வாயால் சொல்ல மாட்டார்கள். டூமா. இவரை நீங்கள் படித்ததில்லை என்றாலும் பார்த்திருப்பீர்கள். பி.யு. சின்னப்பா இரட்டை வேஷம் போட்ட 1940 ‘உத்தமபுத்திரன்’, அதையே சிவாஜி நடித்த 1958 ‘உத்தமபுத்திரன்’ இரண்டுக்கும் மூலம் டூமாவின் இரும்பு முகமூடிக் கதை. ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’ (கமல் படம் இல்லை, 1949-ல் எம்.கே. ராதா நடித்தது), பிறகு எம்.ஜி.ஆரின் ‘நீரும் நெருப்பும்’ எல்லாம் அவருடைய ‘கார்ஸிக சகோதரர்கள்’ வழி வந்தவை. நம் ஊர் வாள் சண்டைக்கும் இரட்டைப் பிறவிக்கும் வில்லேர் கோத்ரே என்ற பிரெஞ்சுக் கிராமத்து ஆசாமி கொஞ்சம் பொறுப்பு.

டூமா என்ற அந்தப் பெயர் வந்த கதையே ஒரு நாவல். தாத்தா ஒரு பிரெஞ்சுப் பிரபு, மார்க்கி பட்டம். கரீபியன் கடலில் ஸான் தொமிங் என்ற பிரெஞ்சுக் காலனிக்கு (இன்றைய ஹெய்ட்டி) போய்த் தங்கினார். அங்கே மரி செஸெத் என்ற கறுப்பின அடிமைப் பெண்ணுக்கும் அவருக்கும் 1762-ல் ஒரு பையன் பிறந்தான். பிரபுவுக்கு ஊர் திரும்ப ஆசை வந்தது. கப்பலுக்குக் காசில்லை. என்ன செய்தார் தெரியுமா? பெற்ற பிள்ளையை அடகு வைத்தார். நகையை வைப்பது போலத்தான், பின்னால் மீட்டுக்கொள்ளும் உரிமையோடு. பிரான்ஸுக்குப் போய்ச் சொத்து கைக்கு வந்ததும் மீட்டு வரவழைத்தார். அந்தப் பையன் 1786-ல் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தபோது அப்பாவின் ஜமீன் பெயரைக் கொடுக்கவில்லை. அம்மாவின் பெயரைக் கொடுத்தான். டூமா.

ஏழே வருடம். புரட்சியின் புண்ணியத்தில் 1793-ல் ஜெனரல். நெப்போலியனோடு எகிப்துக்குப் போனார், அங்கே அவரோடு முட்டிக்கொண்டார். திரும்பும் வழியில் நேபிள்ஸ் ராஜ்யத்தில் சிறைப்பட்டு இரண்டு வருடம் கிடந்து உடம்பு நொறுங்கி வெளியே வந்தார். 1802 ஜூலையில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அதே வருடம்தான் நெப்போலியன் காலனிகளில் அடிமை முறையை மறுபடி சட்டமாக்கினார். 1806-ல் ஜெனரல் இறந்தார். விதவைக்குப் பென்ஷன் கிடையாது. நம் கதாநாயகனுக்கு அப்போது மூன்றரை வயது. அப்பா விட்டுப்போன சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் என்றால் என்ன, அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது இந்த மனிதருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1823-ல் பாரிஸுக்கு வேலை தேடி வந்தார். அப்பாவைத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவர் கேட்டார்: ‘கணக்கு வருமா, சட்டம் தெரியுமா, லத்தீன், கிரேக்கம்?’ எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கல். ‘சரி, விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போ’ என்றார். எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்தக் கையெழுத்துக்காகவே ஓர்லியான் பிரபுவின் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, வருடத்துக்கு 1,200 பிராங்க். இந்தச் சம்பவத்தை அவரே தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். கொஞ்சம் மசாலா தடவியிருக்கலாம். ஆனால் அழகான கையெழுத்தால் பிழைப்பைத் தொடங்கியவர், கையெழுத்துப் போடுவதாலேயே கோடி பார்த்தார் என்பது மசாலா இல்லை.

முதலில் நாடகம். 1829 பிப்ரவரியில் ‘மூன்றாம் ஹென்றியும் அவன் அரசவையும்’ பிரான்ஸின் முதல் தர மேடையான கொமெதி பிரான்ஸேஸில் ஏறியது. ரொமான்டிக் நாடகம் என்றால் எல்லோரும் ஹ்யூகோவின் ‘எர்னானி’யைச் சொல்வார்கள். டூமா அதற்கு ஒரு வருடம் முந்தி. 1831-ல் ‘அன்டொனி’. அதில் ராஜா இல்லை, வாள் இல்லை. அன்றைய பாரிஸ்காரர்கள் போடும் கோட்டு சூட்டோடு ஒரு கள்ளக்காதல் கதை. கணவன் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான். காதலியின் மானத்தைக் காப்பாற்ற காதலன் அவளைக் கொன்றுவிட்டு, தனக்கு இணங்காததால் கொன்றேன் என்று பொய் சொல்கிறான். திரை. மொத்த நாடகமும் அந்தக் கடைசி ஒரு வரிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. டூமாவின் தொழில் ரகசியம் இதுதான். முடிவை முதலில் பிடித்துக்கொண்டு, அங்கே போய்ச் சேர வழி போடுவது. பிற்பாடு நாவல் எழுதியபோதும் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு காட்சியாகத்தான் எழுதினார். ஆள் உள்ளே வருவான், பேசுவான், ஒரு குண்டைப் போட்டுவிட்டு வெளியே போவான். திரை.

பெயர்த் தகராறு நாடகக் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. 1832-ல் கயார்தே என்ற இளைஞரின் நாடகப் பிரதியைத் தியேட்டர் முதலாளி டூமாவிடம் கொடுத்துத் திருத்தி எழுதச் சொன்னார். ‘நெல் கோபுரம்’ என்ற அந்த நாடகம் பிய்த்துக்கொண்டு ஓடியது. போஸ்டரில் கயார்தேயின் பெயரும், டூமாவுக்குப் பதிலாகச் சில நட்சத்திரக் குறிகளும். பெயருக்கு முன்னால் நட்சத்திரம் வரலாமா, பின்னால்தான் வரவேண்டுமா என்று சண்டை முற்றி, கோர்ட்டுக்குப் போய், கடைசியில் 1834-ல் இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். நல்லவேளை, இரண்டு பேர் குறியும் தப்பியது. கவனியுங்கள், இந்தக் கேஸில் பெயர் இல்லாமல் நட்சத்திரமாக நின்றவர் டூமா.

இனி வியாபாரத்துக்கு வருவோம். பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில்தான் கை அரிக்கிறது.

1836-ல் எமில் த ஜிரார்தேன் என்பவர் ‘லா ப்ரெஸ்’ என்று ஒரு தினசரி தொடங்கினார். மற்ற பத்திரிகைகளுக்கு வருடச் சந்தா 80 பிராங்க். இவர் 40 வைத்தார். பாதி விலைக்கு விற்றால் நஷ்டம் ஆகுமே? ஆகாது. சந்தா பெருகும். சந்தா பெருகினால் விளம்பரம் வரும். விளம்பரக் காசில் பத்திரிகை ஓடும். இன்றைக்கு வரை டீக்கடையில் நாம் புரட்டும் ஒவ்வொரு பத்திரிகைக்கும் இதுதான் பொருளாதாரம். ஆனால் வந்த சந்தாதாரன் அடுத்த வருடமும் இருக்க வேண்டுமே? அதற்குக் கண்டுபிடித்த தூண்டில்தான் தொடர்கதை. பக்கத்தின் அடியில் ஒரு பட்டை. கதாநாயகியை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு ‘தொடரும்’.

அடுத்த காட்சிக்கு ஆளை உட்கார வைக்கும் வித்தை தெரிந்த நாடகக்காரருக்கு இது அல்வா. பத்திரிகைகள் வரிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தன. டூமாவின் வசனங்கள் ஏன் ஒற்றை வார்த்தையில் துள்ளுகின்றன என்பதற்கு அப்போதே ஒரு கிண்டல் கதை உலவியது. ஆத்தோஸின் வேலைக்காரன் கிரிமோ ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவன். ஒரு வார்த்தை என்றாலும் ஒரு வரிதானே! பத்திரிகை விழித்துக்கொண்டு, பாதி வரிக்குக் காசு கிடையாது என்றதும் டூமா கிரிமோவுக்கு வேலை குறைத்துவிட்டாராம். உண்மையோ பொய்யோ, அன்றைய கடைத்தெருவின் மணம் இதில் இருக்கிறது.

இந்தக் கடைத்தெருவில்தான் மாக்கே வருகிறார். 1813-ல் பிறந்தவர், டூமாவைவிடப் பதினொரு வயது இளையவர், சரித்திர ஆசிரியர். அவருடைய நாடகம் ஒன்றைத் தியேட்டர்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கவிஞர் நெர்வால் அதை டூமாவிடம் கொண்டுவந்தார். டூமா அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார். 1839-ல் ‘பதில்த்’ என்ற பெயரில் மேடையேறியது. ஆசிரியர்: மாக்கே. மாக்கே மட்டும். டூமா பெயரே போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து மாக்கே ஒரு சரித்திரக் கதையோடு வந்தார். டூமா அதை ஊதிப் பெரிய நாவலாக்கினார். ‘லா ப்ரெஸ்’ஸுக்குக் கொடுக்கும்போது இரண்டு பெயரும் போடச் சொன்னார். ஜிரார்தேன் மறுத்துவிட்டார். டூமா என்று கையெழுத்து இருந்தால் வரிக்கு 3 பிராங்க், டூமா - மாக்கே என்று இருந்தால் அதில் பாதி என்று அவர் கணக்குச் சொன்னதாக ஒரு கதை காலம் காலமாகச் சொல்லப்படுகிறது. அதே கதை, அதே வரிகள். கூட ஒரு பெயர் சேர்ந்தால் விலை கூடவில்லை, பாதியாகக் குறைகிறது! கூட்டினால் குறையும் இந்தக் கணக்கை எந்தக் காமர்ஸ் வாத்தியாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இன்றைக்கு இதற்கு ‘பிராண்ட் வேல்யூ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாக்கே ஒப்புக்கொண்டார். பெயர் இல்லாவிட்டாலும் துட்டு வந்ததே. அதன்பிறகு நடந்தது இலக்கிய உலகம் பார்க்காத உற்பத்தி. 1844 மார்ச்சில் ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ ஆரம்பம். ஆகஸ்டில் ‘மாண்டி கிறிஸ்டோ’. டிசம்பரில் ‘ராணி மார்கோ’. அடுத்த மாதமே மஸ்கட்டியர்களின் இரண்டாம் பாகம். 1846 ஜனவரியில் ‘மாண்டி கிறிஸ்டோ’ முடியும்போது மொத்தம் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எல்லாம் தலையணை சைஸ் புத்தகங்கள்.

எப்படி முடிந்தது? இருவரும் சேர்ந்து கதையைப் பேசுவார்கள். மாக்கே நூலகத்தில் உட்கார்ந்து சரித்திரத்தைத் தோண்டி, அத்தியாயம் அத்தியாயமாக முதல் வரைவு எழுதி அனுப்புவார். டூமா அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் முத்தான கையெழுத்தில் மறுபடி முழுக்க எழுதுவார். நம் கோடம்பாக்கத்தில் இதற்கு ‘டிஸ்கஷன்’ என்று பெயர். ‘கார்ஸிக சகோதரர்களை’ தமிழாக்கிய ஜெமினி ஸ்டுடியோவில் கதை இலாகா என்றே ஒரு பிரிவு இருந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? 1845-ல் மீர்கூர் என்ற ஆசாமி ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். தலைப்பே ‘நாவல் தொழிற்சாலை: அலெக்ஸாந்தர் டூமா அண்ட் கம்பெனி’. இதோடு நின்றிருந்தால் நியாயமான கேள்வி என்று விட்டிருக்கலாம். ஆனால் மீர்கூர் டூமாவின் தோல் நிறத்தை, சுருட்டை முடியை, பாட்டியின் அடிமைப் பிறப்பை எல்லாம் இழுத்து அசிங்கமாக எழுதினார். டூமா கோர்ட்டுக்குப் போனார். மீர்கூருக்கு 15 நாள் ஜெயில்.

எனக்கு இதில் பெரிய நஷ்டம் மாக்கேவுக்குத்தான் என்று படுகிறது. ‘இந்த நாவல்களில் இன்னொருவருக்குப் பங்கு உண்டா?’ என்பது கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலில் உரக்கக் கேட்டவன் நிறவெறி பிடித்தவனாகப் போனதால், கேள்வியே தீட்டுப்பட்டுவிட்டது. மாக்கே யார் பக்கம் நிற்பார்? அந்த மார்ச் மாதமே டூமாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். எனக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது, நாம் சேர்ந்து எழுதிய புத்தகங்களின் மறுபதிப்பில் உரிமை கோர மாட்டேன் என்ற அர்த்தத்தில். நட்புக்காக எழுதிக் கொடுத்த கடுதாசி. நட்புக்காகக் கையெழுத்துப் போடும் எல்லா ஜாமீன் பத்திரங்களையும் போல அதுவும் பிற்பாடு அவர் கழுத்தைப் பிடித்தது.

சரி, தீர்ப்புக்கு வருவோம். எழுதியது யார்?

இதற்கு ஒரு நல்ல தடயம் இருக்கிறது. மிலேடி என்ற அந்தப் பொல்லாத அழகியின் தலையை ஆற்றங்கரையில் இரவில் வெட்டுவார்களே, மஸ்கட்டியர்களில் உச்சக் காட்சி, அதற்கு மாக்கே எழுதிய வரைவு பிழைத்துக் கிடந்தது. 1919-ல் இந்தக் கூட்டணி பற்றி ஒரு புத்தகம் வந்தபோது அச்சிலும் ஏறியது. மாக்கேதான் எழுதினார் என்று நிரூபிக்க வந்த சாட்சி அது. பிறழ்சாட்சியாகப் போய்விட்டது! என்ன நடக்கிறது என்பது மாக்கேயில் இருக்கிறது. ஆனால் நம்மைக் குலை நடுங்க வைக்கும் மௌனமும், வெட்டுக்கு முந்தைய தயக்கமும், வெடுக்கென்ற வசனமும் டூமா வைத்தவை என்று இரண்டையும் ஒப்பிட்டவர்கள் கண்டார்கள். மாக்கே சொன்னது சேதி. டூமா காட்டியது காட்சி.

அப்படியானால் மாக்கே வெறும் குமாஸ்தாவா? அதுவும் இல்லை. ‘மாண்டி கிறிஸ்டோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் போலீஸ் ஆவணங்களைக் கையாண்ட பெஷே என்பவர் எழுதிவைத்த ஒரு நிஜக் குற்றக் கதைதான் வித்து. ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. கல்யாணத்துக்கு முன்னால் பொறாமைக்காரச் சினேகிதர்கள் அவனைப் பொய்யாகக் காட்டிக்கொடுக்கிறார்கள். சிறை, புதையல், திரும்பி வந்து பழிவாங்கல். டூமாவின் முதல் திட்டப்படி கதை ரோம் நகரில், மர்மமான பணக்காரப் பிரபுவோடு ஆரம்பிக்கிறது. பிளாஷ்பேக்கில் மற்றவை. மாக்கேதான் தடுத்தார். மார்ஸேயையும் சிறையையும் ஏன் பின்னால் சொல்ல வேண்டும்? அதுதானே கதையின் உயிர்? முதலில் அதை எழுதுங்கள் என்றார். இதை வெளியே சொன்னது மாக்கே இல்லை. டூமாவே எழுதி வைத்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். பத்தொன்பது வயது மாலுமி எட்மண்ட் டாண்டே கப்பலோடு மார்ஸே துறைமுகத்துக்குள் நுழைவதையும், நிச்சயதார்த்த விருந்தில் கைதாவதையும், இஃப் தீவுக் கோட்டையில் 14 வருடம் புழுங்குவதையும் நாம் கூடவே இருந்து பார்த்திருக்காவிட்டால், பின்னால் அவன் எண்ணி எண்ணிப் பழிவாங்கும்போது நமக்கு என்ன வந்தது? அவன் நல்லவனாக இருந்த நாட்களை நாம் பார்த்ததுதான் நாவலின் மூலதனம். அந்த மூலதனம் மாக்கே போட்டது.

(இடையில் ஒரு இந்தியச் சரக்கு. பக்கத்து அறையிலிருந்து சுரங்கம் தோண்டி வந்து டாண்டேக்குக் கல்வியும் புதையலும் கொடுக்கும் கிழப் பாதிரியார் ஃபாரியா. நாவலில் இத்தாலிக்காரர். ஆனால் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு பாதிரியார் பாரிஸில் வாழ்ந்தார். கோவாவில் பிறந்தவர், ஹிப்னாடிஸ முன்னோடி. பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. கோவா போனால் பீச்சோடு திரும்பிவிடாமல் அதையும் பாருங்கள்.)

குறைகளும் இருக்கின்றன. ரோம் அத்தியாயங்களும் கொள்ளைக்காரர்களும் வரிக்கூலிக்காக இழுத்த இழுப்பு. பெண்கள் ஒன்று மிலேடி மாதிரி பேய், இல்லை மெர்ஸெதெஸ் மாதிரி கண்ணீர். ஆனால் பிரபு வைத்த பழியில் ஒரு சின்னப் பையன் அநியாயமாகச் சாகும் இடம் வருகிறதே, அங்கே இந்த நாவல் சாதாரணப் பழிவாங்கும் கதைகளைத் தாண்டிவிடுகிறது. தன்னைக் கடவுளின் கணக்குப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தவன், முதல் தடவையாகத் தன் பேரேட்டில் எழுதக்கூடாத ஒரு பற்றைப் பார்த்துத் திடுக்கிடுகிறான். அந்த இடத்துக்காகவே ஆயிரம் பக்கங்களையும் படிக்கலாம்.

ஆக, என் கணக்கு இது. எலும்பு மாக்கே, ரத்தம் டூமா. பிரிந்த பிறகு நடந்ததே இதற்குச் சாட்சி. மாக்கே தனியாக எழுதிய நாவல்களை இன்று தேடிப் படிப்பவர்கள் அபூர்வம். டூமா தனியே எழுதிய நினைவுக் குறிப்புகள் அற்புதம். ஆனால் அவரும் அதன்பின் ஒரு ‘மாண்டி கிறிஸ்டோ’வைத் தரவில்லை.

பிரிந்தது எதனால்? வேறு எதனால், காசு. டூமா 1847-ல் சொந்தமாக ஒரு தியேட்டர் திறந்தார். பாரிஸுக்கு வெளியே மாண்டி கிறிஸ்டோ என்றே பெயர் வைத்து ஒரு மாளிகை கட்டி அமர்க்களமாகக் கிரகப்பிரவேசம் நடத்தினார். அடுத்த வருடம் புரட்சி. தியேட்டருக்குக் கூட்டம் வரவில்லை. மாளிகை கையைவிட்டுப் போனது. 1851-ல் கடன்காரர்களுக்குப் பயந்து பிரஸ்ஸல்ஸுக்கு ஓடினார். மாக்கேவுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட பணமும் நின்றது. வேறு வழியில்லாமல் மாக்கே கோர்ட் படியேறினார். பணமும் வேண்டும், அட்டையில் பெயரும் வேண்டும் என்றார். 1858-ல் தீர்ப்பு. பணம் உண்டு, பெயர் கிடையாது.

டூமாவை இங்கே வக்கீல் வைத்துக் காப்பாற்ற முடியுமா? ஓரளவு முடியும். ‘பதில்த்’தில் தன் பெயரை விட்டுக்கொடுத்தவர். ஜிரார்தேனிடம் இரண்டு பெயர் கேட்டவர். 1845-ல் மஸ்கட்டியர்கள் நாடகமானபோது, முடிவில் ஆசிரியர்களாக இரண்டு பெயரையும் மேடையில் அறிவிக்க வைத்தவர். கீழே உட்கார்ந்திருந்த மாக்கே அதை எதிர்பார்க்கவே இல்லை. ஆக, மேடையில் இரண்டு பெயர், அச்சில் ஒன்று. நாடக உலகத்தில் பங்கு பிரித்துப் பெயர் போடும் வழக்கம் இருந்தது. பத்திரிகைச் சந்தையில் இல்லை. குற்றத்தில் பெரும் பங்கு சந்தைக்கு.

ஆனால் முழுப் பங்கும் இல்லை. 1844-ல் ஜிரார்தேனுக்குப் பயப்பட வேண்டியிருக்கலாம். புத்தகங்கள் உலகம் பூராவும் விற்றுத் தீர்ந்த பிறகு யாருக்குப் பயம்? அடுத்த பதிப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். மூன்று பிராங்க்கூட ஆகியிருக்காது. அந்த வரியை டூமா எழுதவில்லை. ஒரு அடிமைப் பெண்ணின் பெயரை அழியவிடாமல் சுமந்து உலகப் புகழாக்கிய குடும்பத்துப் பிள்ளை, தன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவனின் பெயர் அழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பெருந்தன்மைக் கதைகள் ஆயிரம் உண்டு. கேட்டவனுக்கெல்லாம் காசை வாரிக் கொடுத்தார். கொடுக்க வேண்டியிருந்தது காசு இல்லை என்பதுதான் பிரச்னை.

வாழ்க்கை தன் பாணியில் கணக்கை நேர் செய்தது. பேனா பிடித்தே தேய்ந்த டூமா 1860-ல் கரிபால்டியின் இத்தாலிப் போருக்குத் துப்பாக்கி சேகரித்துக் கொடுத்தார், அப்பாவைச் சிறை வைத்த நேபிள்ஸ் ராஜவம்சம் கவிழ்வதைக் கண்ணால் பார்த்தார். 1870 டிசம்பரில் தியெப் நகருக்குப் பக்கத்தில் மகனுடைய வீட்டில் ஓட்டாண்டியாக இறந்தார். அந்த மகனும் எழுத்தாளர்தான். ‘லா திராவியாத்தா’ இசை நாடகத்துக்கு மூலமான கதையை எழுதிய சின்ன டூமா. பிரெஞ்சு அகாதமி மகனை 1874-ல் உள்ளே சேர்த்தது. அப்பாவைக் கடைசிவரை சேர்க்கவில்லை. மாக்கே? சொந்தமாக ஒரு மாளிகை வாங்கி, நாடக ஆசிரியர்கள் சங்கத்துக்குத் தலைவராக இருந்து, 1888-ல் வசதியாகக் கண்ணை மூடினார். பெயர் வைத்திருந்தவர் கடனாளி, பெயர் இல்லாதவர் பணக்காரர்.

ஆனால் பாந்தெயோனுக்குப் போனது ஒரு பெட்டிதான். 2010-ல் ஜெரார் தெபார்தியு டூமாவாக நடித்து இவர்கள் இருவரைப் பற்றி ஒரு பிரெஞ்சுப் படம் வந்தது. கறுப்பினப் பாட்டியின் பேரனாக ஒரு வெள்ளைக்காரர் நடிப்பதா என்று அதற்கும் ஒரு சர்ச்சை. 2024-ல் பிரான்ஸில் மறுபடி ‘மாண்டி கிறிஸ்டோ’வைப் படமாக்கினார்கள். அங்கே மட்டும் 90 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. 180 வருடத்துப் பழைய தொடர்கதைக்கு இந்த வசூல்.

இந்தக் கதையை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. வாராவாரம் ஏதோ ஒரு தொடரைப் படிக்கிறோம். வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு படம் பார்க்கிறோம். ஒரு பெயர் பெரிதாக வருகிறது, கை தட்டுகிறோம். பெயர் போட்டவர் எழுதவில்லை என்று யாராவது சொன்னால், உடனே அவரைத் திருடன் என்கிறோம். இல்லை, அபிமானத்தில் சொன்னவனைத் திட்டுகிறோம். டூமா விஷயத்தில் இரண்டுமே தப்பு. அவர் திருடவில்லை. அவர் தொடாவிட்டால் அந்தப் பக்கங்கள் எப்போதோ செத்திருக்கும். ஆனால் மேதை என்பதற்காகப் பாக்கி தள்ளுபடி ஆகிவிடாது.

‘மாண்டி கிறிஸ்டோ’ கிடைத்தால் படியுங்கள். சுருக்கப் பதிப்பு வேண்டாம். சிறையிலிருந்து பிணத்துக்குப் பதிலாகச் சாக்குக்குள் படுத்து டாண்டே தப்பிக்கும் அத்தியாயம் வரும்போது ராத்திரி மணி இரண்டு ஆகியிருக்கும். மூடி வைக்க மனசு வராது. அந்தத் தூக்கக் கேட்டுக்குப் பொறுப்பு டூமா. மூடுவதற்கு முன்னால் அட்டையை ஒரு தடவை பார்த்து, அங்கே இல்லாத இன்னொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மாக்கே. கடைசி ‘ட்’டை எழுத வேண்டும், சொல்லக் கூடாது.